தோல் வைத்த வண்டி

வண்டி பட்டறை வாசலைத் தாண்டியதும் அதை வாங்கின நாச்சிமுத்து பின்சீட்டிலிருந்து கையை நீட்டி ஒச்சப்பனின் தோளைத் தட்டினார்.

"சத்தமே இல்லையேப்பா. தண்ணி மாதிரில்ல போகுது."

"ஆமாண்ணே" என்றான் ஒச்சப்பன். திரும்பிப் பார்க்கவில்லை. முன்சீட்டில் டிரைவர் சௌகத் அலிக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் தொடை இடுக்கில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் கணுக்களில் எண்ணெய்க் கறுப்பு இன்னும் போகவில்லை. முந்தாநாள் அந்தக் கையால்தான் இந்த வண்டியின் சத்தத்தை அடைத்தான். சரிசெய்தேன் என்று சொல்ல அவனுக்கே வாய் வராது. அடைத்தான், அவ்வளவுதான்.

போருக்கு முந்தின சீமை வண்டி அது. மேலே கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே மூன்றாவது சிலிண்டரில் கோளாறு. பிஸ்டனைத் தாங்குகிற ராடு, சுற்றுகிற தண்டைக் கவ்விப் பிடிக்கிற இடத்தில் ஒரு வளையம் உண்டு. பேரிங் என்பார்கள். அந்த வளையத்தின் ஈயம் தேய்ந்து போய், ராடு ஆட்டம் கொடுத்து, உரலில் உலக்கை விழுகிற மாதிரி டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. முறையாகச் செய்தால் ராடைக் கழற்றி மதுரைக்கு அனுப்பிப் புது ஈயம் ஊற்றிக் கடைந்து வாங்கி வந்து மாட்ட வேண்டும். பட்டறைக்காரர் பெரியகருப்பனுக்கு அதற்குப் பொறுமை இல்லை. வாங்குகிற ஆள் வாசலில் வந்து நிற்கிறார்.

"தோல வையி" என்றார்.

திண்டுக்கல் மாதிரி, பேகம்பூரைச் சுற்றித் தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற ஊரில் அது எல்லாப் பட்டறைக்கும் தெரிந்த வேலை. நடுவழியில் பேரிங் போய்விட்டால், பதனிட்ட தோலில் ஒரு பட்டை வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு, தேய்ந்த இடத்தில் வைத்து இறுக்குவார்கள். வண்டி பட்டறைக்கு வந்து சேருகிற வரைக்கும் தாங்கும். பட்டறைக்கு வருவதற்காக வைக்கிற தோலை, பட்டறையை விட்டு அனுப்புவதற்காக வைக்கச் சொன்னார் பெரியகருப்பன்.

"தாங்காதே மேஸ்திரி."

"யாருக்குத் தாங்கணும்? ஊரு போய்ச் சேந்தாச் சரி. அப்புறம் டிரைவர் ஓட்டுன லட்சணம்னு சொல்லிக்கிறலாம்."

யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி கேஸில் பஸ் ஓடினதிலிருந்து ஒச்சப்பன் வேலை பார்ப்பது அந்தப் பட்டறையில்தான். படுக்கிறதும் அங்கேதான். இங்கே இல்லையென்றால் எங்கே என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே தோலை வெட்டினான். ஓரம் பிசிறு இல்லாமல், ஒரு நூல் கூடக் குறையாமல் வெட்டினான். கெட்ட வேலையை அம்புட்டு ஒழுங்காகச் செய்தோமே என்பதுதான் இப்போது உட்கார விடாமல் குத்தியது.

அவன் இந்த வண்டியில் ஏற வேண்டியவனே இல்லை. நாச்சிமுத்து கேட்டதால் வந்தது வினை. அவர் ஊர் இருக்கிற குஜிலியம்பாறைப் பக்கம் சந்தையில் மாடு வாங்கினால், விற்றவனுடைய ஆள் ஒருவன் வாங்கினவன் தொழுவம் வரைக்கும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்து கட்டிவிட்டு, அங்கே கை நனைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வழியில் மாடு நொண்டினால் விற்றவன் ஆளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்படி ஒரு வழக்கம்.

"காருக்கும் அப்படித்தான மேஸ்திரி. ஒரு ஆள அனுப்புங்க, வீட்ல கொண்டாந்து விட்டுட்டு வரட்டும்" என்றார் நாச்சிமுத்து.

பெரியகருப்பன் சிரித்துக்கொண்டே, "ஒச்சப்பா, நீ போயிட்டு வா. ஒனக்குத்தான் இதோட உள்ளும் புறமும் தெரியும்" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

நயா பைசா வந்த மறு வருஷம் அது. இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்தது. நாச்சிமுத்துவுக்கு இருந்ததில் உருப்படியானது கிணற்றுத் தோட்டம் மட்டுந்தான். மற்றதெல்லாம் வானம் பார்த்த காடு. கிணறு வற்றுவதற்கு முன்னால் தோட்டத்தை விற்று இந்த வண்டியை வாங்கியிருந்தார். கல்யாணம், காதுகுத்து, பிரசவம் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் திண்டுக்கல்லுக்கு வர ஒரு வாடகைக் கார் கிடையாது. ஓட்டினால் நாலு வருஷத்தில் தோட்டத்தைத் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். வண்டி நின்றுவிட்டால் தோட்டமும் இல்லை, வண்டியும் இல்லை. இது ஒச்சப்பனுக்குத் தெரியும். பேரம் நடந்தபோது அவன் வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தான். எல்லாம் காதில் விழுந்தது.

ஊர் எல்லை தாண்டி ரோடு கெட்டதும் பின்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

நாச்சிமுத்துவின் சம்சாரம் கருப்பம்மாள் மடியில் பூச்சரத்தையும் தேங்காயையும் வைத்துக்கொண்டிருந்தாள். "பின்னாடி யாரோ பாத்திரம் கழுவுறாப்ல இருக்கு" என்றாள்.

சௌகத் அலி வண்டியை ஓரங்கட்டினார். ஒச்சப்பன் இறங்கி டிக்கியைத் திறந்து பார்த்தான். ஜாக்கியும் கைப்பிடியும் ஒன்றின்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இரண்டையும் சுற்றி மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு அண்டக் கொடுத்து வைத்தான். சத்தம் நின்றது.

"பாத்தியா" என்றார் நாச்சிமுத்து சம்சாரத்திடம். "ஆளக் கூட்டியாந்தது நல்லதாப் போச்சா இல்லையா? நீ எதுக்கு ஒரு ஆளுக்குச் சோறுன்னு கேட்டியே."

"நான் எங்க கேட்டேன்? நீங்களாச் சொல்லிக்கிறீங்க."

தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் முன்னால் பூஜை போட்டார்கள். மாலை சாத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தேங்காயை விடலை போட்டார் நாச்சிமுத்து. சிதறின தேங்காயைப் பொறுக்க நாலைந்து பேர் விழுந்தடித்தார்கள். கருப்பம்மாள் சூடத்தட்டை எடுத்துக்கொண்டு நேராக ஒச்சப்பனிடம் வந்தாள்.

"நீ மொதல்ல ஒத்திக்க தம்பி. இதுக்கு உசுரு குடுத்தது நீதான்னு மேஸ்திரி சொன்னாரு."

அவன் கையை நீட்டினான். சூடத்தின் சூட்டில் விரலில் இருந்த எண்ணெய் லேசாக மணத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டான். பெருமாளே என்று சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை.

வண்டி புறப்பட்டு அகரம் பக்கம் திரும்பும்போது டக் டக் டக் என்று அடுத்த சத்தம். வந்துவிட்டது என்று ஒச்சப்பன் நினைத்தான்.

சௌகத் அலி காதைச் சாய்த்துக் கேட்டார். முன்னால் தோல் லாரி ஓட்டினவர், பேகம்பூர்க்காரர். வேகத்தைக் கூட்டினார். டக்டக்டக்டக் என்று அதுவும் கூடியது. சட்டென்று கியரை எடுத்து நியூட்ரலில் விட்டார். என்ஜின் சத்தம் அடங்கியது, வண்டி தன் பாட்டுக்கு உருண்டது. டக் டக் நிற்கவில்லை.

"என்ஜின் தூங்குது, சத்தம் முழிச்சிருக்கு. அப்ப சக்கரத்துலதான் முதலாளி" என்றார்.

முதலாளி என்று கூப்பிட்டதும் நாச்சிமுத்து சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒச்சப்பன் இறங்கி டயரைத் தடவினான். விடலைத் தேங்காயின் சிரட்டைத் துண்டு ஒன்று டயர்ப் பட்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது ரோட்டில் அடித்திருக்கிறது. திருப்புளியால் நெம்பி எடுத்துக் காட்டினான்.

"பெருமாளு நம்ம தேங்காய நமக்கே குடுத்து அனுப்பியிருக்காரு" என்றார் நாச்சிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சப்பனும் சிரித்தான். சிரித்துவிட்டு, எதற்காகச் சிரித்தோம் என்று தோன்றியது.

அகரத்தில் டீக்கடை முன்னால் நின்று கிளம்பியபோது மூன்றாவது சத்தம். எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி கீச்சென்று முன்னாலிருந்து. இது என்னவென்று பார்க்காமலே அவனுக்குத் தெரியும். பழைய விசிறி பெல்ட் காய்ந்துபோய் வழுக்குகிறது.

"அக்கா, துணி தொவைக்கிற சவுக்காரம் இருக்கா?"

"எதுக்கு தம்பி, அழுக்கா இருக்கா?" என்றாள். ஆனாலும் திண்டுக்கல்லில் வாங்கி முடிச்சில் வைத்திருந்த கட்டியை எடுத்து ஒரு ஓரத்தை ஒடித்துக் கொடுத்தாள். அவன் பெல்ட்டின் உள்பக்கம் தேய்த்தான். கீச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"டாக்டருப்பா நீ" என்றார் நாச்சிமுத்து. "பேசாம எங்க ஊருக்கு வந்துரு. பெரியகருப்பன் குடுக்குறத நான் குடுக்க மாட்டேன். ஆனா சோறு வயிறு நெறையப் போடுவா இவ."

ஒச்சப்பன் பானெட்டை மூடினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜாக்கி கடகடத்தவரை, சிரட்டை அடித்தவரை, பெல்ட் கத்தினவரை, அடியில் இருக்கிற சத்தம் இருந்திருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. மேலே கிடந்ததையெல்லாம் அவனே ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டுவிட்டான். இனி அது ஒன்றுதான் பாக்கி.

கிழக்கே திரும்பின ரோட்டில் ஒரு ஏற்றம் வந்தது. ஏறும்போது ஒன்றுமில்லை. ஏறி முடித்து சௌகத் அலி ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும், கீழே இருந்து டொக், டொக், டொக் என்று மூன்று தரம் கேட்டது. மெல்லத்தான் கேட்டது. கதவைத் தட்டிவிட்டு ஆள் காத்திருக்கிற மாதிரி.

சௌகத் அலி ஒச்சப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ரோட்டைப் பார்த்தான்.

கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். "முதலாளி, ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும். அந்தா தெரியுதே கெணறு, அங்க கேட்டா குடுப்பாங்க."

நாச்சிமுத்து தகரத்தை எடுத்துக்கொண்டார். கருப்பம்மாளும் காலை நீட்டி நடந்தால் தேவலை என்று கூடப் போனாள். அவர்கள் வரப்பில் இறங்கியதும் சௌகத் அலி பானெட்டைத் திறந்தார். மரப்பிடி போட்ட திருப்புளியை வாங்கி, ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் என்ஜின் இரும்போடு சேர்த்து ஒட்ட வைத்தார். அப்படிச் செய்தால் அந்த சிலிண்டர் மட்டும் எரியாது. சுமை இல்லாத ராடு அடிக்காது. முதல் பிளக்கில் சத்தம் மாறவில்லை. இரண்டாவதிலும் மாறவில்லை. மூன்றாவதில் வைத்ததும் டொக் சத்தம் தேய்ந்து போனது. எடுத்ததும் திரும்ப வந்தது.

இன்னொரு தரம் வைத்து எடுத்தார். பிறகு என்ஜினை நிறுத்தினார்.

"என்னண்ணே வச்சிருக்கீங்க உள்ள?"

ஒச்சப்பன் பானெட்டை மூடப் போனான்.

"நான் தோல் லாரி ஓட்டுனவன். எங்கிட்ட மறைக்காதீங்க."

"எருமைத் தோலு" என்றான் ஒச்சப்பன். "மேஸ்திரி சொன்னாரு."

"நீங்க வச்சீங்க."

"நான்தான் வச்சேன்."

சௌகத் அலி மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிணற்றுப் பக்கம் பார்த்தார். திட்டுவார் என்று ஒச்சப்பன் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அண்ணே, லாரிய விட்டு எறங்குனதுல இருந்து எனக்கு வேலை இல்ல. வீட்ல நஜ்முன்னிசா பீடி சுத்தித்தான் அடுப்பு எரியுது. இன்னிக்குத்தான் ஒரு மனுசன் என்னய நம்பி சாவியக் குடுத்துருக்காரு. நீங்க இப்ப சொன்னீங்கன்னா வண்டி திரும்பிரும். என் வேலையும் திரும்பிரும். நான் பைய ஓட்டிக்கிறேன். தாங்குற வரைக்கும் தாங்கட்டும். ரெண்டு பேரும் வாய மூடிக்கிருவோம்."

மூட்டையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறபோது இன்னொருத்தன் வந்து தோள் கொடுத்தால் ஒரு நொடி இலேசாக இருக்கும். அப்படித்தான் இருந்தது ஒச்சப்பனுக்கு. மறு நொடி, முன்னைவிடக் கனத்தது. அவன் மட்டும் செய்த தப்பாக இருந்தது இதுவரை. இப்போது நல்ல மனுஷன் ஒருவரும் அதில் ஒரு கை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நாச்சிமுத்து தண்ணீரோடு வந்தார். கிணற்றுக்காரர் கொடுத்தார் என்று மடியில் நாலு வெள்ளரிப்பிஞ்சு. பெரிதாக இருந்ததை எடுத்து ஒச்சப்பனிடம் நீட்டினார்.

"வேல செஞ்ச கைக்கு மொதல்ல. பாய், இந்தாங்க. சாப்ட்டுட்டு வெரசா விடுங்க. வெயில் சாயறதுக்குள்ள ஊருக்குள்ள நொழையணும். எங்க பங்காளிக எல்லாம் மந்தையில உக்காந்துருப்பானுக, பாக்கட்டும்."

"பைய போனாத்தான் முதலாளி வண்டிக்கு நல்லது."

"பைய போறதுக்கு மாட்டு வண்டி போதாதா பாய்? நீங்க விடுங்க."

சௌகத் அலி விட்டார். வேறு வழி தெரியவில்லை அவருக்கு. வெள்ளரிப்பிஞ்சு ஒச்சப்பன் கையிலேயே இருந்தது. இப்போது ஏற்றம் இறக்கம் என்றில்லாமல் சமரோட்டிலேயே அது கேட்க ஆரம்பித்தது. காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்தது. தோல் ஓரத்தில் கருகி நைந்துகொண்டிருக்கும். அது அறுந்தால் தண்டு நேராக ராடில் மோதும். தண்டு சிராய்க்கும். அதற்குப் பிறகும் ஓட்டினால் ராடு உடைந்து என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

"அது என்னப்பா சத்தம்?" என்றார் நாச்சிமுத்து.

"டாப்பெட்டுண்ணே." அவனைக் கேட்காமலே வாய் சொன்னது.

"அப்டின்னா?"

"வால்வு மேல தட்டுற சாமான். எல்லா வண்டியிலயும் அந்தச் சத்தம் உண்டு."

"ஒண்ணும் செய்யாதுல்ல?"

"செய்யாது."

"அதான் தம்பி சொல்லிருச்சுல்ல, சும்மா தொணதொணன்னு" என்றாள் கருப்பம்மாள். "தோட்டம் பத்திரம் எழுதுன அன்னைலருந்து மனுசன் கண்ண மூடல தம்பி. தொட்டதுக்கெல்லாம் பயம். அந்தா, இப்பத்தான் தலையச் சாய்க்கிறாரு."

கொஞ்ச தூரம் போனதும் ஒச்சப்பன் மெல்லத் திரும்பினான். நாச்சிமுத்து கதவோடு சாய்ந்து தூங்கிப் போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் பூஜைக் குங்குமம் வியர்வையில் வழிந்து மூக்குவரை வந்திருந்தது. கீழே டொக் டொக் என்று அடிக்கிறது, அந்த மனுஷன் தூங்குகிறார். அவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித் தூங்குகிறார்.

"நிறுத்துங்க பாய்."

சௌகத் அலி ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். காது கேட்காத ஆள் மாதிரி.

"பாய். நிறுத்துங்க."

நிறுத்தவில்லை. ஒச்சப்பன் கையை நீட்டிச் சாவியைத் திருகினான். என்ஜின் நின்றது. சத்தம் நின்றது. வண்டி தானாகக் கொஞ்ச தூரம் உருண்டு ஒரு வேப்பமரத்து நிழலைத் தாண்டி வெயிலில் போய் நின்றது. நாச்சிமுத்து விழித்துக்கொண்டார்.

"ஊரு வந்துருச்சா?"

"இல்லண்ணே" என்றான் ஒச்சப்பன். இறங்கிப் பின்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "டாப்பெட்டு இல்ல. பொய் சொன்னேன். உள்ள பேரிங் தேஞ்சு போச்சு. அந்த எடத்துல தோல வச்சு இறுக்கி ஒங்களுக்கு வித்தோம். நான்தான் வச்சேன். இன்னும் செத்த தூரம் ஓடுனா என்ஜின் போயிரும்."

சௌகத் அலி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி குனிந்திருந்தார். தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுகிற குரல் கேட்டது.

"என்னது வச்சீங்க?" என்றார் நாச்சிமுத்து. புரியாமல்தான் கேட்டார்.

அவரிடம் விளக்கிச் சொல்ல அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஸ்பானர்ப் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான். கொதிக்கிற எண்ணெயைத் தகரத்தில் வடித்தான். கை வெந்து பொத்தது. அடித்தொட்டியைக் கழற்றி, ராடின் மூடியை அவிழ்த்து, கறுத்துப்போன அந்தப் பட்டையை உருவி எடுத்தான். ஒரு பக்கம் நூலாக நைந்திருந்தது. பிறகு தண்டின்மேல் நகத்தை வைத்துச் சுற்றிலும் இழுத்துப் பார்த்தான். எங்கும் தட்டவில்லை. சிராய்ப்பு விழவில்லை. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

வெளியே வந்து தோலை நாச்சிமுத்துவிடம் கொடுத்தான். அவர் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"மாடா, எருமையா?"

"எருமைண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். தோலை மட்டும் கீழே போடவில்லை.

பேசினது கருப்பம்மாள்தான். குரல் உயரவில்லை. "சூடத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்துனியே தம்பி. மொதல்ல ஒனக்குத்தான குடுத்தேன். சவுக்காரம் கேட்ட, ஒடைச்சுக் குடுத்தேன். அம்புட்டு நேரம் வாயத் தொறக்காம எப்படி ஒக்காந்திருந்த?"

"தப்புத்தான்க்கா."

"தப்புன்னு நாங்களும்தான் சொல்லுவோம். எப்படி ஒக்காந்திருந்தன்னு கேட்டேன்."

அவன் எண்ணெய்த் தகரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"பெரியகருப்பன் வண்டியத் திருப்பி எடுத்துக்குவாரா?" என்று கல்லில் இருந்தபடியே கேட்டார் நாச்சிமுத்து.

"எடுத்துக்க மாட்டாரு. டிரைவர் மேல பழி போடுவாரு. போடணும்னு முந்தாநாளே சொன்னாரு."

சௌகத் அலி தலையைத் தூக்கினார். கழுத்தில் நரம்பு புடைத்தது.

"தண்டு நல்லா இருக்குண்ணே" என்றான் ஒச்சப்பன். "இந்த ராட மட்டும் மதுரைக்குக் கொண்டு போயி ஈயம் ஊத்திக் கடைஞ்சு வாங்கியாந்தா, நான் மாட்டிக் குடுத்துருவேன். அப்புறம் சத்தம் வராது. இப்பச் சொல்றது நெசம். நான் போயிட்டு வந்துர்றேன். என் கூலியில கழிச்சுக்கங்க."

"எந்தக் கூலியில?" என்றாள் கருப்பம்மாள். "நாங்களா ஒனக்குக் கூலி குடுக்குறோம்? குடுக்குறவன் சொன்னதத்தான நீ செஞ்ச? நீ போனா வர மாட்ட. பாய் போகட்டும். அவருதான் அந்தப் புளியமரத்துகிட்டயே சத்தத்தக் கேட்டு வண்டிய நிறுத்துனாரு. தண்ணி எடுக்க எறங்குனப்பவே மூஞ்சி சரியில்ல அவருக்கு. நல்ல மனுசன், என்னமோ சந்தேகப்பட்டுருக்காரு. நீ இங்கயே வண்டிகிட்ட இரு."

சௌகத் அலி ஒச்சப்பனைப் பார்த்தார். வாயை மூடச் சொன்னதே தான்தான் என்று சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. மேல் சிலிண்டர் மூடியைக் கழற்றி ராடை உருவிச் சாக்கில் சுற்றிக் கொடுக்கிறவரைக்கும் ஒச்சப்பன் நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் அவர் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. சொல்லாமல் போனாலும் மனசு ஆறாது என்றும் இருந்தது. சௌகத் அலி ராடை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வந்துர்றேன் முதலாளி" என்று நாச்சிமுத்துவிடம் மட்டும் சொல்லிவிட்டு, அகரம் பக்கம் பஸ் பிடிக்க நடந்தார். கொஞ்ச தூரம் போய் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

மூன்று பேரும் வண்டியைத் தள்ளி வேப்பமர நிழலுக்குக் கொண்டு வந்தார்கள். மாலையில் பாதிப் பூ உதிர்ந்திருந்தது. கருப்பம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். வீட்டுக்குப் போய்ச் சேருகிற வழியில் சாப்பிடக் கட்டி வந்த புளிச்சோறு, கூடவே கத்தரிக்காய் வெஞ்சனம். மூன்று இலை போட்டாள். மூன்றாவது இலையில் வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மற்ற இலைகளில் வைத்த அளவே வைத்தாள்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பொத்துப்போன விரலால் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாப்புடு" என்றாள். "மாட்டப் போறது நீதான. கை நடுங்குனா அதையும் கோணலா மாட்டுவ."

ரோட்டில் ஒரு மாட்டு வண்டி வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாச்சிமுத்துவைத் தெரியும் போலிருக்கிறது. மாட்டை இழுத்துப் பிடித்து, மாலை போட்ட காரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, நாச்சிமுத்தா? காரு வாங்கிட்டேன்னாங்க, நெசந்தானா? ஏன் இங்க நிக்குது, என்ன கோளாறு?"

நாச்சிமுத்து இலையிலிருந்து நிமிர்ந்தார். இடது கையில் மடக்கி வைத்திருந்த தோலை மெல்ல வேட்டி மடிப்புக்குள் தள்ளினார்.

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. வண்டி தங்கமா ஓடுது. நெழலா இருந்துச்சு, சாப்ட்டுப் போவோம்னு நிறுத்துனோம்."

"இந்தத் தம்பி யாரு?"

"பட்டறை ஆளு. வீட்டுல கொண்டாந்து விட வருது" என்றார் நாச்சிமுத்து.

வண்டிக்காரர் ஒச்சப்பனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மாட்டைத் தட்டினார். நாச்சிமுத்து மறுபடி சோற்றில் கை வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது அவர் காது சிவந்திருந்ததில் தெரிந்தது. ஒச்சப்பன் இலையைப் பார்த்துக்கொண்டு அந்தப் புளிச்சோற்றை ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டான். மெல்ல மெல்ல மென்றான்.